நாலு கிலோ மிச்சம்

யேசு மரி சூசை

ஸ்ரௌவ்வில், ரொறன்ரோ
2010 ஆனி 14

என் பாசத்துக்குரிய தங்கச்சி மக்டலீனுக்கு அக்கா யூஜினி எழுதுவது. ஆண்டவருடைய அருளாலும் மடுமாதாவின் காவலாலும் நான் நல்ல சுகத்தோடும் நல்ல புத்தியோடும் இருக்கிறேன். இந்த இரண்டாவதை இம்முறை தனியாக எழுதவேண்டி வந்ததற்குக் காரணம் எங்கள் தெருவில் இருக்கிற அருள்நாயகி.

அவள் உனக்குத் தொலைபேசி எடுத்து, யூஜினி எழுபத்தாறு வயதில் லொறி வாங்குகிறாள் என்றும், மருமகன் அவளை வீட்டைவிட்டு இறக்கிவிட்டதால் முற்றத்தில் ஒரு தகரப் பெட்டிக்குள் வசிக்கிறாள் என்றும், எல்லாம் தங்கச்சியைக் கனடாவுக்குக் கூப்பிட்டதால் வந்த வினை என்றும் சொன்னாளாம். எனக்கு வயது எழுபத்திரண்டு. முதலில் அதைத் திருத்திக்கொள். மற்றவற்றைக் கீழே திருத்துகிறேன். நீ இவ்வளவையும் நம்பி, "அக்காவை உத்தரிக்க வைச்சு நான் ஒரு இடமும் வரமாட்டன், விசாவைத் திருப்பிக் குடுங்கோ" என்று என் மகள் ஸ்ரெல்லாவிடம் அழுதிருக்கிறாய். விசா என்ன சங்கக்கடை அரிசிக் கூப்பனா, திருப்பிக் கொடுப்பதற்கு? சண்டை முடிந்து ஒரு வருசத்துக்குள் மூன்று முறை விண்ணப்பித்து, மூன்றாம் முறை கிடைத்த விசா அது. புரட்டாதி முடிந்தால் அதுவும் முடிந்துவிடும். நீ வரமாட்டேன் என்று ஒரு சொல்லில் சொல்லிவிட்டாய். பதினாலு வருசமாக உன் முகம் காணாதவள் நான். ஆகவே ஆத்திரப்படாமல், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இருந்து வாசி.

மருமகன் மகேஸ்வரன் வாங்கியது லொறி அல்ல. தகரப் பெட்டியும் அல்ல. அது சில்லு வைத்த வீடு. இங்கே றெயிலர் என்பார்கள். வாகனத்தின் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு போய், விரும்பிய இடத்தில் நிறுத்தி, உள்ளேயே சமைத்து, சாப்பிட்டு, படுத்து எழும்பலாம். ஓய்வு பெற்றுப் போகிற வெள்ளைக்காரச் சாரதி ஒருவரிடம் வாங்கினான். இரண்டு அடுப்பு, மூன்று கட்டில், கதவு பூட்டக்கூடிய கக்கூஸ். நாம் படித்த கன்னியர் மடத்து விடுதியைவிட அது துப்புரவு. எதற்கு வாங்கினான் தெரியுமா? ஆவணியில் மிட்லண்ட் வேதசாட்சிகள் கோயிலுக்கு நம் சனமெல்லாம் மடுத் திருநாள் கொண்டாடப் போகும். மடுவில் நாம் கொட்டில் போட்டுத் தங்கியதுபோல, சித்தி வரும்போது அங்கே வசதியாகத் தங்கவேண்டும் என்று வாங்கினான். என் மருமகன் சைவக்காரன்தான். மாமியாருடைய மாதாவுக்காகவும் மாமியாருடைய தங்கச்சிக்காகவும் றெயிலர் வாங்கிய சைவக்காரர் இந்த நாட்டில் எத்தனை பேர் என்று அருள்நாயகியைக் கேள். அவளுடைய மருமகன் வேதக்காரன். அவன் அவளுக்கு ஒரு குடை வாங்கிக் கொடுத்ததாக நான் கேள்விப்படவில்லை.

நான் முற்றத்தில் வசிக்கிறேன் என்ற கதைக்கும் மூலம் இருக்கிறது. மூன்று கட்டில்களில் உனக்கு எது என்று தீர்மானிக்க, கட்டிலுக்கு ஒரு நாளாக மூன்று நாள் நானே அதில் படுத்துப் பார்த்தேன். உன் இடுப்பு எனக்குத் தெரியும். சன்னலோரக் கட்டில் நல்லது, மெத்தை சற்றுக் கடினம், எழும்பும்போது பிடிக்க ஒரு கம்பி இருக்கிறது. மூன்றாம் நாள் காலை பல்துலக்கியும் துவாயுமாக நான் இறங்கி வரும்போது அருள்நாயகி தெருவில் நடைப்பயிற்சி செய்துகொண்டிருந்தாள். "என்ன யூஜினி, இஞ்சயே இப்ப இருக்கிறீர்?" என்று கேட்டாள். பல் துலக்காத வாயோடு பேசக்கூடாது என்பது மடத்துப் பழக்கம். தலையை மட்டும் அசைத்துவிட்டு வந்தேன். அந்தத் தலையசைப்புத்தான் யாழ்ப்பாணம் வரை வந்து உன்னை அழ வைத்திருக்கிறது.

இனி வாகனம். றெயிலர் இருக்கிறது, இழுக்க ஒன்றுமில்லை. பின்னால் திறந்த பெட்டி உள்ள பெரிய பிக்கப் வேண்டும். அது டீசலா பெற்றோலா என்பதில்தான் இந்த வீடு இரண்டுபட்டது. மகேஸ்வரன் பிறம்ரனில் பெரிய றக் ஓடுகிறவன். "இழுக்கிறதெண்டால் டீசல்தான் மாமி. பதினெட்டு வருசம் ஓடுறன், எனக்குத் தெரியாதே?" என்றான். ஸ்ரெல்லா கோப்பை கழுவிக்கொண்டே, "ஓம், உங்களுக்கு எல்லாம் தெரியும். குளிருக்க ஸ்ராட் வராமல் நடுறோட்டில நிண்டது மறந்துபோச்சோ? பெற்றோல் எண்டால் திறப்பைத் திருப்பினாக் காணும்" என்றாள். "ஆவணியில போறதுக்கு ஏனப்பா மார்கழிக் குளிர்?" "அதுதான் சொல்லுறன், உங்களுக்கு ஆவணி மட்டுந்தான் தெரியும்." பேத்தி அட்சயா தொலைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தி, "சீரியஸ்லி, ஒரு ரென்ற் எடுத்துக்கொண்டு போனா என்ன?" என்றாள். பிறகு மூன்று நாள் புருசனும் பெண்சாதியும் ஒருவரோடொருவர் பேசவில்லை. எல்லாம் என் மூலம். "மாமி, உங்கட மகளிட்டச் சொல்லுங்கோ, கறிக்கு உப்புக் காணாது." "அம்மா, உங்கட மருமோனிட்டச் சொல்லுங்கோ, டீசல் ஊத்திச் சாப்பிடட்டாம்." மேசை நாலடி. நான் நடுவில் தபாற்காரி. நாலாம் நாள் சொன்னேன், இந்தத் தீர்ப்பை நானே சொல்கிறேன், இரண்டு பேரும் கட்டுப்படவேண்டும் என்று. கட்டுப்பட்டார்கள்.

உனக்கென்ன வாகனத்தைப் பற்றித் தெரியும் என்று நீ கேட்கமாட்டாய். நீ பார்த்தவள். யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோலே வராத பொருளாதாரத் தடைக் காலத்தில் என் அவர், நீக்கிலாஸ், அந்தப் பழைய ஒஸ்ரின் காரை மண்ணெண்ணெயில் ஓட்டினாரே, முன்மூடியைத் திறந்துவைத்து, கண்ணுக்கு மருந்து விடுகிற குப்பியால் பெற்றோலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அதை எழுப்பியது யார்? நான். எத்தனை சொட்டில் அது இருமும், எத்தனையில் பிடிக்கும் என்று அவருக்கே தெரியாது. பெற்றோலைச் சொட்டுக் கணக்கில் அறிந்தவளுக்கு இவர்கள் பெற்றோல் என்றால் என்னவென்று விளங்கப்படுத்த வருகிறார்கள். அதோடு, முப்பத்தோரு வருசம் கணிதம் படிப்பித்தவள். மடத்தில் மதர் கொலம்பா எங்களுக்குச் சொல்லித்தந்தது ஒன்றுதான்: முதலில் எழுதியிருப்பதை வாசி, பிறகு மனிசர் சொல்வதைக் கேள்.

ஒஷாவாவில் வாகனம் விற்கிற இடத்துக்குப் போனோம். அங்கே முரளி என்று ஒரு தமிழ்ப் பையன், சென்னையிலிருந்து வந்தவன். "வாங்க பாட்டிம்மா, உக்காருங்க, காப்பி சாப்பிடுறீங்களா? சாருக்கு டீசல்தான் கரெக்ட். மலையையே இழுக்கும்!" என்றான். "தம்பி, மலையை இழுக்கிற யோசனை எங்களுக்கு இல்லை. ஒருக்கால் அந்தக் கதவைத் திறவும்" என்றேன். நான் ஏறி இருக்கப்போகிறேன் என்று நினைத்துக் கையை நீட்டினான். நான் ஏறவில்லை. குனிந்து, கதவுத் தூணில் ஒட்டியிருக்கிற மஞ்சள் காகிதத்தை வாசித்தேன். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எண்ணூற்று முப்பது கிலோவுக்கு மேல் ஒருபோதும் ஆகக்கூடாது என்று எழுதியிருக்கிறது. ஒருபோதும்! அதை எழுதியவரும் மடத்தில்தான் படித்திருப்பார்.

"இதென்ன தம்பி?"

"அது ஸ்டிக்கர், எல்லா வண்டியிலயும் இருக்கும் மேடம்." பாட்டிம்மா அந்த இடத்தில் மேடம் ஆனதைக் கவனி.

"இழுக்கிறது எவ்வளவு எண்டு மூண்டு தரம் சொன்னீர். சுமக்கிறது எவ்வளவு எண்டு ஒருக்காலும் சொல்லேல்ல. றெயிலரின்ர கொழுவுற மூக்கு இதின்ர முதுகில இருக்குமோ இல்லையோ?"

"இருக்கும் மேடம்."

"அப்ப அந்தப் பாரத்தை ஆர் சுமக்கிறது, நீரோ?"

மகேஸ்வரன் அந்தப் பக்கம் திரும்பி நின்று இருமினான். பக்கத்தில் நின்ற பெற்றோல் வாகனத்தையும் திறக்கச் சொன்னேன். அச்சு அசலாக அதே வாகனம், அதே நிறம். அதன் காகிதத்தில் ஆயிரத்து நூற்று முப்பது கிலோ. முரளி உள்ளே ஓடிப்போய் யாரிடமோ கேட்டுவிட்டு வந்து, டீசல் இயந்திரமே பெரும் பாரம், அந்தப் பாரம் சுமையில் கழிந்துவிடும் என்று ஒப்புக்கொண்டான். அதாவது டீசல் இழுக்க வல்லவன், சுமக்கமாட்டான். அப்படிப்பட்ட ஆண்பிள்ளைகளை நம் குடும்பத்திலும் கண்டிருக்கிறோம். பெயர் எழுதவில்லை.

வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் நிறுக்கத் தொடங்கினேன். விளம்பரப் புத்தகம் எழுதியவர்கள், நாலு பேர் போய் ஆளுக்கு இரண்டு சொசேஜ் சுட்டுத் தின்பதாக நினைத்து எழுதியிருக்கிறார்கள். நம் சனம் திருநாளுக்குப் போகும் விதம் அவர்களுக்குத் தெரியாது. நமக்குச் சமைத்தால் போதுமா? பக்கத்துக் கூடாரத்துக்கு ஒரு சட்டி, பூசை வைக்கிற சுவாமிக்கு ஒரு சட்டி, சொல்லாமல் வந்து நிற்கிற ஒன்பது பேருக்கு ஒரு கிடாரம். அரிசி மூன்று மூட்டை, ஆட்டிறைச்சிப் பெட்டி, காஸ் அடுப்பு, துருவலை, கிரைண்டர், மின்சாரம் எடுக்கிற இயந்திரம், பன்னிரண்டு கதிரை, மழைக்குக் கட்டுகிற படங்கு, பிறகு நம் மடுமாதா சுருபம். சீமெந்து. முப்பத்தெட்டு கிலோ. குளியலறைத் தராசை வாசலில் வைத்து, அட்சயா எழுத, ஒவ்வொன்றாக ஏற்றினேன். பிறகு ஆட்கள். மகேஸ்வரன், "என்னை எண்பத்தைஞ்சு எண்டு போடுங்கோ மாமி" என்றான். "ஏறும்" என்றேன். சப்பாத்தைக் கழற்றினான், மணிக்கூட்டைக் கழற்றினான், பொக்கற்றிலிருந்து வாகனத் திறப்பை எடுத்தான், ஏறினான். நூற்றுநாலு. மூன்று நாள் பேசாமலிருந்த ஸ்ரெல்லா அன்றைக்குத்தான் வாய் திறந்து, "அந்தத் திறப்பு பத்தொன்பது கிலோவோப்பா?" என்று கேட்டாள். சமாதானம் வந்தது.

றெயிலரின் மூக்கை மட்டும் வீட்டில் நிறுக்க முடியாது. அதற்கு மகேஸ்வரனின் சிநேகிதனுடைய டீசல் வாகனத்தை இரவல் வாங்கி, றெயிலரில் வைக்கிறதையெல்லாம் வைத்து, பிறம்ரனில் பெரிய றக்குகளை நிறுக்கிற தராசுக்குக் கொண்டுபோனோம். புறப்பட்டபோதே பிழை. ஸ்ரெல்லா, அடுப்பு முன்பக்கம் இருக்கிறது என்று கிடாரம், சட்டி, எண்ணெய், தண்ணீர், தேங்காய் நாற்பது எல்லாவற்றையும் முன்னாலேயே அடுக்கியிருந்தாள். இழுக்கிற வாகனத்தின் பின்பக்கம் தரையைத் தொட, முன்பக்கம் எழும்பி, விளக்கு இரண்டும் ஆகாயத்தைப் பார்த்தன. நெடுஞ்சாலையில் எதிரே வந்தவர்களெல்லாம் விளக்கைத் தணிக்கச் சொல்லிச் சைகை காட்டினார்கள். மகேஸ்வரன் எல்லாருக்கும் கையசைத்தபடி, "நல்ல சனம் மாமி" என்றான்.

தராசில் மூக்குப் பாரம் அறுநூற்றுப் பத்து என்று வந்தது. "இறக்குங்கோ" என்றேன். தராசுக்கு முன்னால், இருபது றக்குகள் வரிசையில் நிற்க, கிடாரமும் தேங்காயும் வெளியே வந்தன. கிடாரத்தைப் பின்னுக்கு, தண்ணீரைச் சில்லு அச்சுக்கு மேலே, தேங்காயைப் பாதி பாதியாக. இரண்டாம் முறை நாநூற்று எழுபது. அரைவாசித் தண்ணீரை வெளியில் ஊற்றச் சொன்னேன். மூன்றாம் முறை நாநூற்றிருபது. றெயிலரின் மொத்தப் பாரத்துக்கு அது சரியான பங்கு. வரிசையில் நின்ற தலைப்பாகைக்காரச் சாரதி ஒருவர் இறங்கி வந்து முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். முடிவில் மகேஸ்வரனிடம், இந்த அம்மா எந்தக் கொம்பனியில் வேலை செய்கிறார் என்று கேட்டார். "என்ர மாமி" என்று அவன் ஆங்கிலத்தில் சொன்ன விதத்தை நீ கேட்டிருக்கவேண்டும். பட்டமளிப்பு விழாவில்கூட என் பெயரை ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை.

இதுதான் கணக்கு. மூக்குப் பாரம் நாநூற்றிருபது. கொழுவுகிற இரும்புகள் நாற்பத்தைந்து. பின்பெட்டிச் சாமான், மாதாவோடு முந்நூற்றுத் தொண்ணூறு. மகேஸ்வரன் நூற்றுநாலு, ஸ்ரெல்லா எழுபத்தொன்று, அட்சயா ஐம்பத்திரண்டு. நீ நாற்பத்துநாலு. தொண்ணூற்றாறில் நான் வெளிக்கிடுமுன், நிவாரண அரிசி நிறுத்த தராசில் விளையாட்டுக்கு ஏறி நின்றாயே, அந்த நாற்பத்துநாலு. வேறு கணக்கு என்னிடம் இல்லை. மொத்தம் ஆயிரத்து நூற்றிருபத்தாறு. டீசல் வாகனம் முந்நூறு கிலோவுக்கு நாலு குறையத் தோற்றது. பெற்றோல் வாகனத்தில் நாலு கிலோ மிச்சம். அந்த நாலு உன்னுடைய கைப்பைக்கும் செபப்புத்தகத்துக்கும் செருப்புக்கும் என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டு, மேசையில் வைத்தேன். மகேஸ்வரன் இரண்டு தரம் கூட்டிப் பார்த்தான். "சரி மாமி, பெற்றோல்தான். இனி நான் வாய் திறக்கமாட்டன்" என்றான். பதினெட்டு வருசம் டீசல் ஓட்டியவன்!

ஆகவே, மக்டலீன், விசயம் விளங்கியிருக்கும். லொறி இல்லை. என்னை ஒருவரும் எங்கும் இறக்கிவிடவில்லை. இந்த வீட்டில் என் சொல்லில்லாமல் தேங்காய்கூட இடம் மாறுவதில்லை. உன்னால் எனக்கு உத்தரிப்போ வேதனையோ எதுவும் வரவில்லை. உன்னால் எனக்கு வேலை வந்தது. ஓய்வு பெற்றபின் இப்படி ஒரு நல்ல கணக்கு என் கைக்கு வந்ததில்லை. சன்னலோரக் கட்டிலுக்கு விரிப்புத் தைத்தாகிவிட்டது. நீல நிறம். நீ வராவிட்டால் அதில் சாமான்தான் வைக்கவேண்டும்.

பங்குத் தந்தைக்கு என் தோத்திரம் சொல்லு. பக்கத்து வீட்டாரையும் விசாரித்ததாகச் சொல்லு. அருள்நாயகி திரும்பவும் தொலைபேசி எடுத்தால் இந்தக் கடிதத்தை முழுவதும் வாசித்துக் காட்டு, செலவு அவளுடையது. மடுமாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றி, ஆவணிக்கு முன் என் கண்முன் கொண்டுவந்து நிறுத்தட்டும்.

இங்ஙனம்,
உன் அக்கா,
யூஜினி நீக்கிலாஸ்

பி.கு. கடிதத்தை ஒட்டுமுன் அட்சயாவிடம் கணக்கைக் கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னேன். அவள் வாசித்துவிட்டு, "அம்மம்மா, நீங்க எங்க?" என்று கேட்டாள். "இஞ்சதான் நிக்கிறன்" என்றேன். "இல்லை அம்மம்மா, லிஸ்ற்றில நீங்க எங்க?"

பட்டியல் எழுதுகிறவள் பட்டியலில் தன்னை எழுதுவதில்லை. வகுப்பில் பிள்ளைகளை எண்ணும்போதும் நான் என்னை எண்ணியதில்லை. என் நிறை அறுபத்தொன்று. நாலு மிச்சமில்லை, ஐம்பத்தேழு அதிகம். ஒருபோதும் ஆகக்கூடாது என்று எழுதியிருக்கிறது. நான் வீட்டில் நிற்கிறேன், நீங்கள் மக்டலீனைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றேன். மகேஸ்வரன் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "நீங்கள் ரெண்டு பேரும் ஒண்டாப் போறதுக்குத்தானே மாமி இவ்வளவும்" என்று சொல்லிவிட்டு, ஒஷாவாவுக்குப் போனான். மாலையில் வேறொரு வாகனத்தோடு திரும்பி வந்தான். பின்பக்கம் இரட்டை இரட்டையாகச் சில்லு, மொத்தம் ஆறு. மஞ்சள் காகிதத்தில் இரண்டாயிரத்துச் சொச்சம் கிலோ. பெற்றோலில் இந்த வகை திருநாளுக்கு முன் வராதாம். அங்கே விற்பனைக்கு நின்றது டீசல்தானாம். அதில் ஏற எனக்கு முக்காலி வேண்டும். தெருவே வந்து பார்த்தது. அருள்நாயகியும் வந்து சுற்றிப் பார்த்து, சில்லுகளை எண்ணி, "லொறி" என்று ஒரே ஒரு சொல் சொன்னாள். அது லொறிதான்.

மேலே எழுதியதை நான் கிழிக்கவில்லை. பிழையை அழிக்காதே, பக்கத்தில் திருத்தம் எழுது என்றுதான் மதர் கொலம்பா பழக்கினார். திருத்தம் எழுதிவிட்டேன். ஒரு எண் மட்டும் இன்னும் பதினாலு வருசப் பழையது. இப்போது சுமைக்குப் பஞ்சமில்லை, நீ எவ்வளவு என்றாலும் லொறி சுமக்கும். ஆனாலும் எனக்குத் தெரியவேண்டும். சங்கக்கடைக்குப் போய்த் தராசில் ஏறி நின்று பார். உன் நிறை எத்தனை கிலோ, நீ வருகிறாயா, இரண்டையும் எழுதி அனுப்பு. தொலைபேசியில் சொல்லாதே. எழுதி அனுப்பு.